இங்கே இனிமேல் ஆளை நிறுப்பதில்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நம் வீட்டுக் கூரையும் சௌக்கியம். கூரையை ஏன் சேர்த்தேன் என்றால், நம் தீவில் ஹெலிகாப்டர் வந்து இறங்கும்போதெல்லாம் இன்றைக்குப் பறந்துவிடும், நாளைக்குப் பறந்துவிடும் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கூரை அது. இனி அதற்கு ஆயுசு கெட்டி. அங்கே உன் இரத்த அழுத்தமும், உன் மனைவியின் முழங்காலும், பிள்ளைகளின் படிப்பும் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன்.

விமான நிலையம் திறந்தாயிற்று. இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ "அப்படியாக்கா, நல்லதுக்கா" என்று முடித்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். உன் வீட்டு வாசலில் அப்படி யார்தான் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறார்களோ தெரியவில்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இத்தனை வருடமும் வராததற்கு நீ சொன்ன காரணங்கள் ஒன்றையும் நான் மறக்கவில்லை. ஹெலிகாப்டரில் ஆறே இடம், அதில் நீ ஏறினால் இருவர் இறங்க வேண்டும். உன் மனைவிக்கு அந்தச் சத்தம் ஆகாது. பெட்டி கொண்டுவர விடமாட்டார்கள். மூடுபனி பிடித்துக்கொண்டால் லீவெல்லாம் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இவற்றைச் சொல்லித்தான் நானே உன்னைக் காப்பாற்றி வந்தேன். இப்போது அத்தனையையும் குன்றோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆமாம், குன்று இல்லை. நம் வீட்டுப் பின்கட்டு ஜன்னலைத் திறந்தால் மூக்கில் இடிக்குமே, அந்தக் குன்றேதான். முதலில் வந்த இன்ஜினீயர்கள் என் விடுதியில்தான் தங்கினார்கள். ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது ஒருவர் சாதாரணமாக, "அம்மா, அந்தக் குன்றை எடுத்துடப் போறோம்" என்றார். ஏதோ மேசையிலிருந்து எச்சில் தட்டை எடுக்கிறேன் என்பதுபோலச் சொன்னார். நானும் "எடுங்க, எடுங்க" என்று சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறினேன். அப்புறம் பார்த்தால் எடுக்கவே எடுத்துவிட்டார்கள்! வெடி வைக்கும்போதெல்லாம் என் அலமாரியில் இருந்த கோப்பைகள் வரிசையாக விளிம்புக்கு நடந்து வந்தன, நான் அவற்றை உள்ளே தள்ளித் தள்ளி வைத்தேன். வெட்டிய கல்லை லாரியில் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள். மேடு இறங்கியது, பள்ளம் ஏறியது, இரண்டும் ஒருநாள் சமமாயிற்று. நான் ஜன்னலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தேன். மனிதன் செய்கிற காரியமா இது என்று இருந்தது. பூமியை யாரோ இஸ்திரி போட்டதுபோல இருந்தது. குன்று இருந்த இடத்தில் வானம் இருந்தது, தம்பி. நம் வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு வானம் இருந்தது எனக்குத் தெரியாது.

திறப்பதற்கு முந்தின வாரம் ஊர்க்காரர்கள் ஓடுபாதையில் நடந்து பார்க்கலாம் என்று விட்டார்கள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிப்பேர் கையில் எடுத்துக்கொண்டே போனோம். நம் ஊரில் நேர் என்று ஒரு பொருள் இருந்திருக்கிறதா, நீயே சொல். தெரு வளையும், படி வளையும், வளைவுக்கு வளைவு ஒரு வீடு நிற்கும். எதிரே யார் வருகிறார்கள் என்பது வந்து முட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். அந்த ஓடுபாதையின் இந்தக் கோடியில் நான் நின்றேன். அந்தக் கோடியிலிருந்து ஒரு புள்ளி கிளம்பியது. புள்ளிக்குக் கொஞ்ச நேரத்தில் கால் முளைத்தது. அப்புறம் ஒரு குடை முளைத்தது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிற நடை தெரிந்து, அடடா இது நம் வீட்டு மனுஷன் என்று கண்டுபிடித்தேன். வந்து சேர்வதற்குள் எனக்குக் கால் வலி கண்டுவிட்டது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒருவர் நம்மை நோக்கி வருவதை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நிற்க முடியும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். வந்தவர், "என்ன, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றார். புருஷனைத்தான் பார்த்தேன் என்றேன்.

உன் அத்தானின் உத்தியோக விஷயத்தைச் சொல்ல வேண்டும். பழைய ஹெலிகாப்டர் மேடையில் அவர் செய்த வேலை உனக்குத் தெரியும். ஏறுகிறவரைத் தராசில் நிறுத்தி எடை பார்த்து, பைலட்டுக்குச் சொல்ல வேண்டும். விசிறி சுற்றுகிற சத்தத்தில் பைலட்டுக்குக் கேட்காது என்று தொண்டை கிழியக் கத்துவார். பைலட்டுக்குக் கேட்டதோ இல்லையோ, ஊர் முழுக்கக் கேட்கும். யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பதை நாங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தெரிந்துகொள்வோம். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் உன் அத்தானிடம் வந்து, "பையன் போன வருஷத்துக்கு இந்த வருஷம் எப்படிங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இதனால்தான் நான் ஒருமுறைகூட ஹெலிகாப்டரில் ஏறவில்லை. உன் கல்யாணத்துக்கும் வரவில்லை, உனக்குப் பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. விடுதியை யார் பார்த்துக்கொள்வது என்று சொன்னேன். அது பாதிதான். கட்டிய புருஷன் வாயால் என் எடையை ஊருக்குப் பறைசாற்ற எனக்குச் சம்மதமில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லக்கூடாதா என்று கேட்டால், "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பார். இப்படி ஒரு நேர்மையான ஆளைக் கட்டிக்கொண்டு என்ன சுகம்.

புதிய இடத்தில் தராசு வேலை இல்லை. அதனால் அவருக்குப் படிக்கட்டு கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதே. விமானத்தின் கதவுக்குக் கொண்டுபோய் ஒட்டுகிற படிக்கட்டு அது. அதற்குச் சக்கரம் உண்டு, ஸ்டியரிங் உண்டு, விளக்கு உண்டு. சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டே போகிற மனிதர் இப்போது ஒரு மாடிப்படியை ஓட்டுகிறார். பழகிக்கொள்ள விமானம் எதுவும் அப்போது வரவில்லை. ஆகவே அதிகாரியிடம் கேட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். நம் மாடி ஜன்னல் ஏறக்குறைய அந்தக் கதவின் உயரம்தானாம். ஒருநாள் மத்தியானம் மாடியில் நான் தலை துவட்டிக்கொண்டிருக்கிறேன், ஜன்னலைத் தட்டுகிற சத்தம். திறந்தால் இவர் வெளியே நிற்கிறார், சீருடையும் தொப்பியுமாக! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஒட்டிடுச்சா பாரு, இடைவெளி இருக்கா?" என்று கேட்கிறார். இரண்டு விரல் போகிற அளவு இருக்கிறது என்றேன். இறங்கிப் போய் மறுபடி பின்னால் எடுத்து மறுபடி வந்து ஒட்டினார். இப்படியே ஒரு வாரம். எதிர்வீட்டுக்காரர் அதே படிக்கட்டில் ஏறித் தன் கூரைத் தகட்டைச் சரி செய்துகொண்டார். நம் ஜன்னல் விளிம்பில் மூன்று இடத்தில் சிமென்ட் பெயர்ந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்வேன், அவர் அந்த இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து வருவதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

திறப்பு நாளன்று காலையில் எங்கள் ஊராட்சித் தலைவர்தான் முதல் பயணி. அவரும் இன்னும் சிலரும் அன்றைக்கு வருகிற முதல் விமானம் திரும்பும்போது அதில் போகிறார்கள். கட்டடத்துக்குள் நாங்கள் எல்லாருமே போனோம். கதவு தானே திறந்தது. பின்னால் வந்தவருக்கும் தானே திறந்தது. இந்தக் கதவுக்கு எங்களிடம் என்ன இவ்வளவு மரியாதை என்று கூச்சமாகிவிட்டது. சிலர் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே தரை பளபளவென்று நம் முகத்தையே திருப்பிக் காட்டியது. சத்தம் போட்டுப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. கவுன்டரில் வெளியூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கறுப்பு ரப்பர் பட்டை. பட்டையின் மேலே எண் காட்டுகிற சின்னக் கண்ணாடி. எடை காட்டுகிறது என்றால் எதற்கு என்று நம் ஊரில் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்? தலைவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டைமேல் ஏறி விறைப்பாக நின்றார். அந்தப் பெண் தலை குனிந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தவள், கையை நீட்டிப் பெட்டியில் சீட்டு ஒட்டினாள், பித்தானை அழுத்தினாள். பட்டை நகர்ந்தது. தலைவர் அசையவில்லை. அசைந்தால் எடை தப்பாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அப்படியே ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு சுவருக்குள் போய்விட்டார். நாங்கள் எல்லாரும் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்தவரும் செருப்பைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, ஆளுங்க ஏறக்கூடாதுங்க!" என்று அலறினாள். கொஞ்ச நேரத்தில் தலைவர் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "உள்ள எவ்ளோ இடம் இருக்கு தெரியுமா! பெட்டிங்க எல்லாம் தானா வளைஞ்சு வளைஞ்சு போகுது" என்றார். எடை எவ்வளவு என்று நாங்கள் கேட்டோம். யாரும் சொல்லவில்லையாம். அவருக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது.

பிறகு விமானம் வந்தது. வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னவுடனே ஊரே பரபரத்தது. கொடியில் காய்ந்த துணியைக் காலையிலேயே எடுத்துவிட்டோம், கூரைக்கெல்லாம் கல் ஏற்றியிருந்தோம், பால் பாத்திரத்துக்கு மூடிபோட்டு அதன்மேல் அம்மியை வைத்துவிட்டு வந்திருந்தாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் தொப்பியையும் முந்தானையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, காற்றுக்காகக் காத்து நின்றோம். அது அந்தக் கோடியில் தரையைத் தொட்டது. மெல்ல உருண்டு, பெரிதாகிப் பெரிதாகி, வீடு அளவு ஆகி, எங்களுக்கு முன்னால் வந்து தலையைத் திருப்பி நின்றது. ஒரு முந்தானை அசையவில்லை, தம்பி. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு பதவிசாக வந்து நிற்கும் என்று நாங்கள் யாருமே நினைக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லவும் வழியில்லை, தூசியே எழவில்லை.

உன் அத்தான் படிக்கட்டைக் கொண்டுபோய் ஒட்டினார். ஒரு விரல்கூடப் போகாது. கதவு திறந்தது. வரவேற்பதற்காக நாங்கள் எல்லாரும் அதன் பக்கம் நகர்ந்தோம். அங்கேதான் பழக்கதோஷம் காட்டிக்கொடுத்துவிட்டது. விசிறி தலையைச் சீவிவிடும் என்று பிறந்ததிலிருந்து எங்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் இல்லையா? யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தலைவரிலிருந்து தபால்காரம்மா வரை ஊர் மொத்தமும் இடுப்பை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு, குடுகுடுவென்று போனோம். திறப்பு விழாவுக்கு வந்து மேலே கதவில் நின்ற மந்திரியும் மற்றப் பெரிய மனிதர்களும் திகைத்துப் போனார்கள். பிறகு இது இங்கத்திய மரியாதை போலிருக்கிறது என்று அவர்களும் குனிந்தார்கள். குனிந்தபடியே படி இறங்கி, குனிந்தபடியே கைகுலுக்கினார்கள். மந்திரியின் கண்ணாடி கழன்று விழுந்தது. மறுநாள் பேப்பரில், தலைதாழ்த்தி விருந்தினரை வரவேற்கும் அரிய பண்பு என்று போட்டோவோடு வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு வருகிற வெளியூர்க்காரர்கள் இப்போதெல்லாம் குனிந்துகொண்டேதான் இறங்குகிறார்கள். எங்களுக்கும் விஷயத்தைச் சொல்ல வெட்கம். அதனால் நாங்களும் குனிகிறோம்.

என் விடுதியைப் பற்றிக் கேட்பாய். மூடுபனியில் மாட்டிக்கொண்டவர்களை நம்பி நடந்த விடுதி, இப்போது மாட்டிக்கொள்ள ஆளில்லை. பல் டாக்டரையே எடுத்துக்கொள். ஒருநாள் வேலைக்கு வந்து இரண்டு வாரம் கிளம்ப முடியாமல், பொழுது போகாமல், ஊரில் ஆடுகிற பல், ஆடாத பல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போவார். இப்போது காலையில் வருகிறார், சாயங்காலம் போய்விடுகிறார். ஊரில் பல் மிஞ்சுகிறது. என் மாடி அறை காலியாக இருக்கிறது. அதற்கு வெள்ளையடித்து, உனக்குப் பிடித்த மாதிரி கட்டிலை ஜன்னல் பக்கம் தலை வைக்கும்படி போட்டு, உன் நீளத்துக்கு ஒரு போர்வையும் வாங்கி வைத்திருக்கிறேன். யாரும் கேட்டால் விருந்தாளிக்கு என்கிறேன்.

விமானம் வருகிற நாளெல்லாம் நான் அங்கே போகிறேன். உன் அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று பெயர். அவர் காலையிலேயே டப்பா எடுத்துக்கொண்டுதான் போகிறார். பாவம், என் மனது நோகக்கூடாது என்று இரண்டாவது சாப்பாட்டையும் சாப்பிடுகிறார். சட்டைப் பித்தான் கெஞ்சுகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். குனிந்தே வருவதால் யார் என்று சட்டென்று தெரியாது. உன் மாதிரி பருமனான ஒருவர் குனிந்து வந்தால் அவர் நிமிர்கிற வரைக்கும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன். நிமிர்ந்தால் வேறு யாரோ. முந்தாநாள் தபால்காரம்மா பக்கத்தில் வந்து நின்று, "தம்பி வராராம்மா?" என்று கேட்டாள். ஹெலிகாப்டரில் அவனுக்கு இடம் பத்தாது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே அந்த வெள்ளை விமானம் அவ்வளவு பெரிதாக நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வேன்? அந்த மேடை இருந்தவரைக்கும் நீ வர முடியாதவன். இப்போது நீ வராதவன். இரண்டும் ஒன்றில்லை, தம்பி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா போனபோது நீ அக்கரை வரைக்கும் வந்துவிட்டாய். மூடுபனி விலகவில்லை. "கொஞ்சம் வெளுக்குதுக்கா, இப்ப ஏத்திடுவாங்கக்கா" என்று நீ போனில் சொல்லிக்கொண்டே இருந்தாய். வெளுத்தபோது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. நீ அப்படியே திரும்பிப் போனாய். அதற்கப்புறம் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று நினைக்கிறாய். முகம் எப்படி இருந்தாலும் கொண்டுவா. உன்மேல் இங்கே யாருக்கும் கோபமில்லை. இருந்தது எனக்கு மட்டும்தான், அதுவும் போய்விட்டது.

அதற்காக அவசரப்படுத்தவில்லை. உனக்கு எப்போது சௌகரியமோ அப்போது வா. நான் எங்கே போய்விடப் போகிறேன்? நான் அந்த விமானத்தில் ஏறுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. பார்க்க ஆசைதான், ஏறுகிற தைரியம் இந்தக் கட்டைக்கு இல்லை. உன் வீடு நிறையட்டும், பிள்ளைகள் நன்றாக வரட்டும், உன் மனைவியின் முழங்கால் எந்தப் படியும் ஏறட்டும். எங்கள் இருவரின் ஆசியும் உங்கள் எல்லாருக்கும் உண்டு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், மடியில் வைத்து எழுதுவதால் அப்படி. கடிதத்தைக் கொடுக்க விமான நிலையத்துக்குப் போனேன். தபால்காரம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஃப்ளைட்லயே போயிடும்மா, நாளைக்கு அவர் கையில இருக்கும்" என்றாள். நாளைக்கா என்று கேட்டேன். நாளைக்குத்தான் என்றாள். என் காகிதம் ஒரு நாளில் போய்விடுமாம், நான் இத்தனை வருடமாக இங்கேயே நிற்கிறேன். எனக்கு ஒரேயடியாகக் கோபம் வந்துவிட்டது, யார்மேல் என்று தெரியவில்லை. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே கவுன்டருக்குப் போய் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். நிறைய இருக்கிறது என்றாள் அந்தப் பெண். என்னை நிறுக்க வேண்டாமா என்று அவள் காதோடு கேட்டேன். "வேணாம்மா, உங்களை எதுக்கு நிறுக்கணும்?" என்று சிரித்தாள். அவ்வளவுதான். உன் சாக்கு போனதுபோலவே என் சாக்கும் போய்விட்டது.

படிக்கட்டின் அடியில் உன் அத்தான் நின்றுகொண்டிருந்தார். என் கையில் சீட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. நான் பழக்கத்தில் குனிந்தேன். "குனியாத. நிமிந்து ஏறு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அந்த மனிதருக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவு நீளமாக இருந்த ஓடுபாதை ஒரு ரிப்பன் துண்டாகிப் போய்விட்டது. கீழே மூடுபனி. அதற்கு மேலே பளீரென்று வெயில், தம்பி! அப்பா போன நாட்களில் நாம் இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று இந்த மூடுபனியைத் திட்டிக்கொண்டிருந்தோமே, அப்போதும் மேலே இப்படித்தான் வெயில் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. உனக்குச் சௌகரியமான நாளில் வர வேண்டாம். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து கையில் தருகிறேன். உன் வாசலில் கூப்பிடுவது இந்த முறை நான்தான். திரும்பி வர இரண்டு இடம் சொல்லிவைத்துவிட்டேன், ஜன்னலோரம் எனக்கு.